ஒரு வாய் காபி

“பொய் சொல்லாதீங்க. உங்க வீட்டம்மா இப்ப பக்கத்துல இல்ல. நிஜமா ஒரு நாளைக்கு எத்தனை காபி?”

ஆபரேஷனுக்குக் காத்திருப்பவரின் கட்டிலருகே குனிந்து, ஊர்வம்பு விசாரிக்கிற குரலில் கேட்கிறாள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் மற்றவர்கள் கேட்டு முடித்திருப்பார்கள். இது அவளுடைய கேள்வி. ஒன்றோ இரண்டோ என்று மழுப்பினால் இடத்தை விட்டு நகரமாட்டாள். கடைசியில் அசட்டுச் சிரிப்போடு உண்மை வெளியே வரும். அதை டாக்டர் காதில் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

அறுவை சிகிச்சை வார்டின் தலைமை நர்ஸ் அவள். முதுகுக்குப் பின்னால் பெயர் ஹெட்மிஸ்ட்ரஸ். போர்வை கோணலாக இருந்தால் தூங்குகிறவரையே எழுப்பிச் சரிசெய்வாள். அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டாலே பாதி நோய் பயந்து ஓடிவிடும் என்று பெருக்குகிற பெண்கள் சிரித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவள், மயக்கம் தெளிந்தவர் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன கையோடு, தானே கான்டீனுக்கு ஓடிக் காபி வாங்கிவந்து ஆற்றிக் கொடுப்பாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள்.

எல்லாம் அண்ணனால் வந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். மாடிக்கு ஒரு காபி என்று பழக்கப்பட்ட உடம்பு. குடலிறக்க ஆபரேஷனுக்குத் தங்கை இருக்கிற தைரியத்தில் அவள் வார்டிலேயே வந்து படுத்தார். ஆபரேஷன் முடிந்த மறுநாள் தலையைப் பிடித்துக்கொண்டார். தையல் வலியைக்கூடத் தாங்கலாம், தலை பிளக்கிறது என்றார். எழுந்து நடக்கச் சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஒரு வாய் காபி குடுத்துடும்மா. வேற ஒண்ணும் கேக்கல.”

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், கூடப்பிறந்தவருக்குச் சலுகை காட்டுகிறாள் என்று வார்டு பேசுமே! “சின்னப் பிள்ளையா நீங்க? ஒரு காபிக்காக நடிக்காதீங்கண்ணே” என்று நாலு பேர் காதுபடச் சொன்னாள். அண்ணி ஃபிளாஸ்கில் கொண்டுவந்ததையும் பிடுங்கி, அவர் கண்ணெதிரே வாஷ்பேசினில் கொட்டினாள். அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை.

பிற்பாடு, மயக்கமருந்து கொடுக்கும் டாக்டரம்மா ஒருவர் புதிதாக வந்தார். காபியிலேயே ஊறியவர்களுக்குத் திடீரென்று அது நின்றால் மண்டை வெடிக்கும், அந்த வேதனையில் மற்ற வலியும் பெரிதாகத் தெரியும், குடிக்கலாம் என்கிற நிலை வந்ததும் கொஞ்சம் கொடுத்தால் பலருக்கு அடங்கிவிடும் என்று பேச்சுவாக்கில் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவள் கழற்றிய கையுறையையே மறுபடி மாட்டிக்கொண்டாள். மருந்து அறைக்குள் போய் அழுதாள்.

அண்ணன் வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டாள். “அதையெல்லாம் யாரு நெனச்சிட்டிருக்கா” என்று சிரித்துவிட்டார். முறைத்துக்கொண்டால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். அவரோ பிரியமாகவே இருக்கிறார். பழம் வாங்கி வருகிறார். அவள் வீட்டு மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறார். காபி போட அவள் எழுந்தால் மட்டும், “வேணாம்மா, நான் விட்டுட்டேன்.”

தன் கையால் ஒரு காபி அவர் குடித்துவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

போன வாரம் ஆஸ்பத்திரி லிஃப்ட் மக்கர் செய்ய, பழுது பார்க்க அவரே வந்தார். வேலை முடிகிற நேரம் பார்த்து, இரண்டு கப்போடு ஓட்டமும் நடையுமாகப் போய் எதிரே நின்றாள். “விட்டுட்டேன்னு சொன்னேனேம்மா” என்று தோளில் தட்டிவிட்டு, கருவிப் பையோடு படியிறங்கிப் போய்விட்டார்.

வார்டு ஜன்னலருகே வந்து பார்த்தாள். எதிர்ச்சாரிக் காபிக் கடையில் அவர் நின்றிருந்தார். ஆவி பறக்கும் கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். தற்செயலாக நிமிர்ந்தவர் அவளைப் பார்த்துவிட்டார். தலை நரைத்த மனிதர், தம்ளரைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அவர் காபி ஆறிவிடுமே என்று, அவள் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.