ஆல்தோவின் மறுபாதி

பல்கலைக்கழகத்தில் ஆங்கிலக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்த அந்த மனிதருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஆல்தோ. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கியது.

பெயருக்குப் பின்னால் ஒரு யுத்தம் உண்டு. 'மழை பெய்தாலும் வகுப்புக்கு வந்தேன்' என்பதை நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் ஒரு 'ஆல்தோ' போடுவார்கள். அதோடு மனசு ஆறாமல் நடுவில் ஒரு 'பட்'டும் போடுவார்கள். அதாவது, மழை பெய்தாலும், ஆனால் வந்தேன். இரண்டில் ஒன்றுதான் ஆகும் என்பது ஆங்கிலக்காரன் சட்டம். அதை அமல்படுத்தும் பொறுப்பை, யாரும் ஒப்படைக்காமலே, இவர் தலையில் ஏற்றிக்கொண்டார். 'பட்' கண்ட இடமெல்லாம் சிவப்பு மை. கட்டுரைத் தாள்கள் அடிதடிக்குப் போய் வந்தவை போலத் திரும்பும்.

"ஒரு தலைக்கு ரெண்டு தொப்பியாடா?" என்பார்.

பையன்கள் லேசுப்பட்டவர்களா? கேன்டீனில் அவர் காதில் விழும்படி, "ஆல்தோ பசிக்குது, பட் காசு இல்ல மச்சி" என்பார்கள். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து போய்த் திருத்திவிட்டு வருவார். டீ ஆறியிருக்கும். ஆங்கிலம் தேறியிருக்காது.

வீட்டிலும் விடுமுறை கிடையாது. மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது. அது அவருக்கு ஒரு தடையாகவே படவில்லை. பக்கத்து வீட்டுச் சண்டையை ஆசையாகச் சொல்ல வந்தால், "மையக்கருத்து என்ன? அதை முதல்ல சொல்லு" என்பார்.

"என் மையக்கருத்து, சோறு ஆறுது" என்பார் அக்கா. அடுத்த அறை வாத்தியார், அடுத்த தெருக்காரன் என்ற உரிமையில் நான் அவர் மனைவியை அக்கா என்பேன்.

ஒருநாள் காலை அக்கா பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

"தங்கச்சி வீட்டுக்குப் போறேன். எப்ப வருவேன்னு கேக்காதீங்க. ஊர்ப் பிள்ளைங்க எழுதுறதை எல்லாம் படிச்சு மார்க் போடுறீங்க. என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, உங்க வாயிலேருந்து வந்திருக்கா?"

அவர் செருப்பு மாட்டிக்கொண்டே யோசித்தார். குறிப்புப் போடாமல் எதையும் சொல்லக் கூடாது என்பது அவர் கொள்கை.

"இப்ப கிளாஸ் இருக்கு. சாயங்காலம் சொல்றேன். யோசிச்சுத்தானே சொல்லணும்?"

"இதுக்குமா யோசனை!" என்றார் அக்கா. அதற்குள் அவர் வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்.

வகுப்பில் பலகை முன் நின்று 'ஆல்தோ' என்று எழுதினார். அத்தோடு கை நின்றது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. பிள்ளைகள் அதைக் கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சி என்று நினைத்து, அப்படியே எழுதிக்கொண்டு காத்திருந்தார்கள். முன் பெஞ்சுப் பெண் மட்டும், "சார், மிச்சம்?" என்று கேட்டாள். மிச்சத்துக்குப் பதிலாக அவர் விழுந்தார்.

பக்கவாதம். வலக்கை போனது, பேச்சும் போனது. நாக்கு ஆயிரம் தடவை சொல்லித் தேய்ந்த சொல் ஏதாவது தங்கலாம் என்றார் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண். சிலருக்குச் சாமி பெயர் தங்குமாம், சிலருக்குக் கெட்ட வார்த்தை. நம்மாளுக்கு ஆங்கில இணைப்புச் சொற்கள் தங்கின. இணைக்க எதுவும் இல்லை. இணைப்பு மட்டும் இருந்தது.

முதலில் வந்தது 'மோர்ஓவர்'. அக்கா ஓடிப்போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்தார். அவரும் குடித்துவிட்டார். அன்று முதல் அந்த வீட்டில் அதற்கு அதுதான் பொருள். 'ஹவெவர்' என்றால் வேண்டாம். 'இன் கன்க்ளூஷன்' என்றால் விளக்கை அணை. கட்டிலில் வைத்த பெட்டி என்றோ பரணுக்குப் போய்விட்டது.

'ஆல்தோ' மட்டும் பிடிபடவில்லை. அதை அக்காவின் முகத்தைப் பார்த்து மட்டும் சொன்னார். தண்ணீர் கொடுத்தால் தலையை ஆட்டி மறுத்தார். ஜன்னலைத் திறந்தால் கண் கலங்கினார்.

"அதுக்கு என்ன தம்பி அர்த்தம்?"

"இருந்தாலும்னு அர்த்தம், அக்கா."

"இருந்தாலும்... என்ன?"

"அது பாதிதான். மறுபாதி பின்னாடி வரணும்."

"வரலையே. வந்தா நல்லதா வருமா, கெட்டதா வருமா?"

"முன்னாடி சொன்னதுக்கு எதிரா வரும்."

அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார்.

"முன்னாடி சொன்னது நான்தானே. பெட்டியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நாலு வார்த்தை சுடச்சுடக் கேட்டேன். சாயங்காலம் சொல்றேன்னுதான் போனாரு. அப்ப மறுபாதி நல்லதாத்தானே வரணும்?"

"இலக்கணப்படி வரணும், அக்கா."

நல்லதை முன்னால் வைத்துக் கெட்டதைப் பின்னால் சொல்லவும் இலக்கணம் இடம் கொடுக்கிறது. அந்தப் பகுதி பாடத்திட்டத்தில் இல்லை என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

கடைசி நாள் சாயங்காலம் அவர் மறுபடி, "ஆல்தோ" என்றார். அக்கா காத்திருந்தார். வரவில்லை. பொறுக்க மாட்டாமல், பல வருஷம் கட்டுரைத் தாள்களுக்கு நடுவே காதில் விழுந்த ஒரு சொல்லைத் தானே எடுத்துக் கொடுத்தார்.

"பட்?"

அவர் இடது கை மெல்ல எழுந்தது. விரல், சிவப்பு மைப் பேனா போல, காற்றில் ஒரு கோடு இழுத்தது.

"அடிச்சுட்டாரு தம்பி," என்றார் அக்கா மறுநாள், துக்கத்துக்கு வருபவர்களுக்காக வாசலில் நாற்காலிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தபோது. "வாய் கோணுச்சு. சிரிப்பா, வலியான்னுதான் தெரியல."

அந்த வாரம் துறையில் இரங்கல் கூட்டம். மாணவர்கள் கைக்காசு போட்டு, மேடையின் அகலத்துக்கு ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். அவர் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் ஆங்கிலம். பார்த்ததும் ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தோம்.

"என்ன போட்டிருக்கு? படிங்க தம்பி," என்றார் அக்கா.

படித்தேன். "ஆல்தோ யூ லெஃப்ட் அஸ், பட் வீ லவ் யூ."

"நடுவுல பட் வருதே?"

"வரக் கூடாதுதான். கழற்றச் சொல்லட்டுமா, அக்கா?"

"அர்த்தம் சொல்லுங்க."

"நீங்க எங்களை விட்டுப் போனாலும், ஆனா எங்களுக்கு உங்க மேல அன்பு இருக்கு."

அக்கா அந்தத் துணியை நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்கட்டும் தம்பி, கழற்ற வேண்டாம்," என்றார். "பிள்ளைங்க மறுபாதியை எழுதிட்டாங்களே."