ஆட்டை எடுக்கச் சொன்னது யார்?

வலது கை தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருக்க, இடது கைக் கட்டைவிரலால் ஒரு மலையைக் குடைந்துகொண்டிருந்தார் தனக்கோடி. கைபேசி டிபன் பாக்ஸில் சாய்ந்து நின்றது. மண் கட்டை, மண் கட்டை, கல் கட்டை, மறுபடியும் மண். ஒவ்வொன்றும் 'டொக்' என்று உடைந்து விழ, நடுவே ஒரு கவளம் உள்ளே போனது. நாங்கள் எதிரில் வந்து நின்றதும் தலையைத் தூக்காமலே, "இருங்க சார், இன்னம் நாலு கல்லுதான். அந்தாண்ட இன்னா கீதுன்னு பாத்துட்டு வந்துடறேன்" என்றார்.

அந்தாண்டை ஒன்றும் இல்லை. வெறும் வானம். மூன்று வாரமாகக் குடைந்த மலையாம். "அடச்சே, ஒண்ணுமே இல்ல!" என்று சொல்லிவிட்டுத் தனக்கோடி அம்மாள் சிரித்த சிரிப்பில், பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சக ஊழியர் சசிகலாவுக்குப் புரை ஏறிவிட்டது. மூன்று வாரம் உழைத்து ஒன்றும் கிடைக்காதவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அன்றைய முதல் அதிர்ச்சி அது.

தனக்கோடிக்கு நாற்பத்தொரு வயது. தினமும் போளூரிலிருந்து பஸ் பிடித்து ஆரணிக்கு வருகிறார். பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் புடவைகளின் தரம் பார்ப்பது அவர் வேலை. நெய்து முடித்த புடவையை நீள மேசையில் விரித்து, குழல் விளக்கின் கீழே கரை, உடல், முந்தி என்று விரல் நுனியால் தடவிக்கொண்டே போவார். அறுந்த இழை, ஜரிகைப் பிசிறு, நகக்கண் அளவு எண்ணெய்க் கறை எதுவும் தப்பாது. குறை உள்ள இடத்தில் ஒரு சின்னக் காகிதத் துண்டை ஒட்டிவிடுவார். வரிசையில் நிற்கிற நெசவாளர்கள் அந்தத் துண்டைப் பார்த்தாலே பெருமூச்சு விடுகிறார்கள். "அந்தம்மா கண்ணுல தப்பிச்சி ஒரு நூலு கூட வெளிய போவாது சார். பேஜாரு" என்றார் ஒருவர். குரலில் புகாரும் இருந்தது, பெருமையும் இருந்தது.

இப்படிப்பட்டவர் விளையாட்டையும் இப்படித்தான் பார்ப்பார் என்று நானும் இளஞ்செழியனும் நம்பினோம். நாங்கள் செய்த தப்பு அதுதான்.

இளஞ்செழியன் ஆரணிக்காரர். தனக்கோடியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்தவர். சென்னையில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, வீட்டு மாடியில் உட்கார்ந்து மூன்று வருடமாக ஒரே ஒரு விளையாட்டை உருவாக்கியிருக்கிறார். கட்டை விளையாட்டு வகை. பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: உலகமே சின்னச் சின்னச் சதுரக் கட்டைகளால் ஆனது. தோண்டலாம், அடுக்கலாம், கட்டலாம், இடிக்கலாம். ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. வருகிற திங்கட்கிழமை இளஞ்செழியன் தன் விளையாட்டின் இறுதி வடிவத்தைப் பெங்களூர் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு கட்டையைக்கூட நகர்த்த முடியாது. மக்கள் தொட்டால் மூன்று வருட உழைப்பு பிழைக்கும். தொடாவிட்டால் அவ்வளவுதான்.

நான் பதினாறு வருடமாகக் கணினி விளையாட்டுகளுக்கு விமர்சனம் எழுதிவருகிறேன். நிழல் சரியான கோணத்தில் விழுகிறதா, நொடிக்கு எத்தனை பிரேம் ஓடுகிறது, தண்ணீர் தண்ணீராக நடந்துகொள்கிறதா என்றெல்லாம் பார்த்து மார்க் போடுகிற ஆள். இளஞ்செழியனின் விளையாட்டை நாற்பது மணி நேரம் ஆடிப் பார்த்து, குறையே இல்லை என்று சொல்லியிருந்தேன். அவருக்கு அது போதவில்லை. "எங்க அம்மாவுக்குப் பொடவ நெய்யறதுல முப்பது வருஷ அனுபவம் சார். அவங்க நெய்யறதுலயே பேப்பரு ஒட்டறவ தனக்கோடி. என் கேம்ல எங்க ஒட்டறான்னு பாத்துடறேன்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே தனக்கோடியின் கைபேசியை வாங்கிப் பார்த்தேன். இதுவரை முப்பதுக்கும் மேற்பட்ட கட்டை விளையாட்டுகளை ஆடியிருக்கிறார். ஒன்றின் பெயரும் அவருக்குத் தெரியாது. "பன்னி முட்டற வெளாட்டு", "கெணத்துல உழற வெளாட்டு", "மழ பேஞ்சா எல்லாம் கரையற வெளாட்டு" என்றுதான் சொல்கிறார். பஸ்ஸில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும், மறு கை தோண்டிக்கொண்டிருக்கும். ஆடியதற்கெல்லாம் கடையில் ஒற்றை வரி விமர்சனமும் எழுதுவார். மகள் பவித்ரா சொல்லிக்கொடுத்த பழக்கமாம். நான் படித்த ஒன்று இது: "மூணு வாட்டி நின்னு போச்சு. நாலாவது வாட்டியும் தொறந்தேன். அஞ்சு ஸ்டார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே விளையாட்டுக்கு நான் ஒன்றரைப் பக்கம் எழுதி, ஆயுளுக்கும் எழுந்திருக்க முடியாதபடி அடித்துப் போட்டிருந்தேன். மூன்று முறை நின்றுபோவது குற்றம் இல்லையா என்று கேட்டேன்.

"நின்னா இன்னா சார்? நம்ம பஸ்ஸு நிக்காததா?"

"புடவையில் ஒரு இழை போனால் விடமாட்டேன் என்கிறீர்களே?"

"பொடவ கல்யாணத்துக்குப் போவுது சார். கட்டிக்கினு மேடையில நிக்கறவ எதிர்ல நூறு பேரு இருப்பாங்க. இத்த வெச்சிகினு நான் எந்தக் கல்யாணத்துக்குப் போறேன்? இது வெளாட்டா இல்ல வேலையா, அத மட்டும்தான் பாப்பேன்."

புடவைக்கு அவரிடம் பல தரங்கள் உண்டு. கட்டை விளையாட்டுக்கு இரண்டே இரண்டு. விளையாட்டு என்றால் கைபேசியில் இருக்கும். வேலை என்றால் அழுத்திப் பிடித்து அழித்துவிடுவார்.

இளஞ்செழியன் தன் கைபேசியை மேசைமேல் வைத்தார். உயர் ரகம், பெரிய திரை. விளையாட்டு திறந்தது. பனியில் நனைந்த கட்டைகள், கட்டையின் விளிம்பில் காலை வெயில், நடுவே நிரம்பி ஓடுகிற ஊர் ஆறு, கமண்டல நாகநதி. அந்த ஆற்றுக்கு மட்டும் ஒரு வருடம் எடுத்துக்கொண்டிருக்கிறார். கல்லில் மோதினால் பிரியும், பள்ளத்தில் சுழிக்கும். "நெஜ ஆத்துல கூட இவ்ளோ தண்ணி வராது" என்றார்.

"தண்ணி சோக்கா கீதுபா" என்றார் தனக்கோடி. "இதுல இன்னா பண்றது?"

"பாக்கலாம்."

"பாத்துட்டேன்."

இளஞ்செழியன் கைபேசியை இன்னும் அருகே நகர்த்தினார். தனக்கோடி விடாமல் ஆடித்தான் பார்த்தார். கரையில் தோண்டினார். கோடாலி தேய்கிறது என்று திரை எச்சரித்தது. கொஞ்சம் நடந்தார். தாகம் என்றது. தூக்கின மண்ணின் எடை அதிகம் என்றது. உட்கார்ந்து ஓய்வெடு என்றது. ஒன்பதாவது நிமிடத்தில் கைபேசியை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டார்.

"தப்பா நெனச்சிக்காத செழியா. தண்ணி குடிச்சியா, சோறு துன்னியா, கோடாலி தேஞ்சிபோச்சான்னு கேட்டுகினே கீது. இத்தயெல்லாம் நான் ஊட்லயே பண்ணிகினு கீறேன். இது வேலைபா."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரு மனிதனின் மூன்று வருடத்தை ஒன்பது நிமிடத்தில் தள்ளுவதா? நாற்பது மணி நேரம் ஆடிப் பார்த்தவன் என்று சொல்லிக்கொண்டு நான் இளஞ்செழியனுக்காக வாதாட ஆரம்பித்தேன். ஒளி எப்படி ஒவ்வொரு கட்டையிலும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகிறது, இவ்வளவு பெரிய உலகம் எப்படித் தடங்கல் இல்லாமல் நொடிக்கு அறுபது பிரேமில் ஓடுகிறது, எடையும் தேய்மானமும் எவ்வளவு நுட்பமாகப் பின்னப்பட்டிருக்கின்றன என்று விளக்கினேன். தனக்கோடி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு இடத்தில் "அப்டீங்களா" என்றுகூடச் சொன்னார். நான் முடித்ததும் கேட்டார்:

"நாப்பது மணி நேரம் ஆடனேன்னீங்களே சார். எங்க சிரிச்சீங்க?"

நான் யோசித்தேன். ஆற்றங்கரை, மலை, குகை எல்லாவற்றையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஓர் இடம்கூட இல்லை. இளஞ்செழியன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மனசாட்சியோடு "இந்த இடத்தில்" என்று சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

இளஞ்செழியன்தான் பேச்சை எடுத்தார். "மொதல்ல ஒண்ணு பண்ணேன். கன்னாபின்னான்னு இருக்கும். அம்மா போன்ல மட்டும்தான் இருக்கு. அத அப்டேட் பண்ணவே உட மாட்டறாங்க" என்றபடி சட்டைப் பையிலிருந்து கீறல் விழுந்த பழைய கைபேசி ஒன்றை எடுத்தார். கடையில் பழுது பார்த்துக் கொண்டுபோகிறாராம். அவருடைய அம்மா கண்ணகி ஏன் புது வடிவத்தை ஏற்க மறுக்கிறார் என்று மகன் ஒருநாளும் கேட்டதில்லை. வயதானவர்களுக்குப் புதிது பிடிக்காது என்று நினைத்துவிட்டார்.

திறந்த உடனே நான் முகம் சுளித்தேன். நிழல் கிடையாது. ஆறு என்பது நீலக் கட்டைகளின் வரிசை, நகரவே நகராது. கரையில் பத்துப் பன்னிரண்டு ஆடுகள், அவையும் கட்டைகள்தான். தனக்கோடி ஓர் ஆட்டை ஒட்டினாற்போல ஒரு மண் கட்டையை வைத்தார். ஆடு விருட்டென்று வானத்தில் எழும்பியது. மேலே போய்ப் புள்ளியாகி மறைந்தது. நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பத்து எண்ணுவதற்குள் எங்கோ தூரத்தில் 'மே' என்று ஒரு சத்தம் கேட்டது.

தனக்கோடி ஒரு முறை அலறிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பென்றால் சத்தமே வராத சிரிப்பு, தோள்தான் குலுங்கியது. "ஏய் சசி, ஜல்தி வா, ஆடு போவுது பாரு!" இரண்டாவது ஆட்டுக்கும் கட்டை வைத்தார். அது குறுக்கே பறந்து ஆற்றைத் தாண்டியது. மூன்றாவதை மலை உச்சிக்கு அனுப்பப் பார்த்தார், நூலிழையில் தவறியது. அதற்குள் கட்டைகளை அடுக்கி ஒரு பெரிய தொட்டி கட்டி, பறக்கிற ஆடு அதற்குள் விழ வேண்டும் என்று ஓர் ஆட்டத்தை அவரே உண்டாக்கிவிட்டார். சசிகலா ஒரு முறை, மடிப்புப் போடுகிற இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முறை. வெளியே வரிசையில் நின்ற நெசவாளர் ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கொஞ்சம் சோத்தாங்கை பக்கமா வெய்ம்மா" என்று யோசனை சொன்னார். தான் கொண்டுவந்த புடவையை அவர் மறந்தே போய்விட்டார்.

"இத்தப் போயி ஏன்பா எடுத்த?" என்றார் தனக்கோடி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆட்ட எடுக்கச் சொன்ன புண்ணியவான் எவன்பா?"

இளஞ்செழியன் என் பக்கம் திரும்பவே இல்லை. நல்ல மனிதர். இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த வடிவத்தைப் பற்றி நான்தான் எங்கள் இதழில் எழுதியிருந்தேன். பதினோரு குறைகளை வரிசையாகப் போட்டிருந்தேன். முதல் குறையே ஆடுதான். 'ஆடுகள் எந்த விதிக்கும் கட்டுப்படவில்லை. சரிசெய்ய முடியாவிட்டால் நீக்கிவிடுவது நல்லது.' வெள்ளந்தியான அந்த மனிதர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே வந்திருக்கிறார். ஆறு ஓட ஆரம்பித்தது. நிழல் விழுந்தது. ஆடு போயிற்று.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

தனக்கோடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நீங்க ஆட்ட உட்டுப் பாத்தீங்களா சார், இல்ல நின்னு பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் ஆட்டைப் பறக்கவிட்டவன் இல்லை. அது பறந்ததைக் குறித்துக்கொண்டவன். அதையும் ஒப்புக்கொண்டேன். பதினாறு வருடமாக எழுதியவற்றில் இன்னும் எத்தனை ஆடுகள் போயிருக்கும் என்று எண்ண ஆரம்பித்தேன்.

இளஞ்செழியன் எழுந்து வராந்தாவுக்குப் போனார். பெங்களூருக்குப் போன் செய்கிறார் என்று குரலிலிருந்து தெரிந்தது. திங்கட்கிழமை தரமுடியாது, இரண்டு வாரம் வேண்டும், தாகத்தையும் எடையையும் எடுக்கிறேன், ஆடுகளைத் திரும்ப விடுகிறேன். எதிர்முனையில் சத்தம் போட்டிருப்பார்கள் போல. இவர் "பரவால்ல சார், வேணான்னா வேணாம்" என்றார். மூன்று வருடத்தை இப்படி ஒரே வாக்கியத்தில் பணயம் வைக்கிறாரே என்று நான் எழுந்து வராந்தா வாசலுக்குப் போனேன். பிறகு, "ஆங், ரெண்டே வாரம். தேங்க்ஸ் சார்" என்று அவர் சொன்னது காதில் விழுந்த பிறகுதான் உள்ளே திரும்பினேன்.

இதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. தனக்கோடி கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போய்விட்டார். குழல் விளக்கின் கீழே பாக்குக் கலர் புடவை ஒன்று விரிந்து கிடந்தது. சற்றுமுன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்த முகமா இது என்று மறுபடியும் திடுக்கிட்டேன். ஜன்னலில் யோசனை சொன்ன அதே நெசவாளரின் புடவை. முந்திக்கு இரண்டு விரற்கடை மேலே தனக்கோடி ஒரு காகிதத் துண்டை ஒட்டினார்.

கண்ணகியின் பழைய கைபேசி புடவைக்கு அந்தப் பக்கம், மேசை ஓரத்தில் இருந்தது. உள்ளே வந்த இளஞ்செழியன், "அம்மா தேடுவாங்க. கெளம்பறேன்" என்று சொல்லிக்கொண்டே அதை எடுக்கக் கை நீட்டினார்.

தனக்கோடி கண்ணைப் புடவையிலிருந்து எடுக்கவில்லை. வலது கையின் விரல்கள் கரையின் மேல் நிதானமாக ஊர்ந்துகொண்டிருக்க, இடது கை மட்டும் நீண்டு போய் அந்தக் கைபேசியை அழுத்தி மூடிக்கொண்டது.