எத்திராஜ் அண்ணன் தேடிய மெரூன்

எத்திராஜ் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் மனைவி வசந்தா அக்காதான் பேசினார். “காலைல மூச்சு நின்னுடுச்சும்மா” என்றார். எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் கீரைக்கட்டை எங்கே வைத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

தாம்பரத்தில் மின்ரயில் ஓட்டுநர்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முடிச்சூர்க்காரர். அப்பா காலத்து நெல்வயல் மனைகளாகிப் போனபின், அந்த மனைகளில் ஒன்றில் வீடு கட்டிக் குடியிருந்தவர். ரயில் ஓட்டுவதைத் தவிர வேறெதிலும் பெருமைப்பட்டுக்கொள்ளாதவர். சில வருடங்களுக்கு முன் அவருக்குக் காசநோய் வந்தது. மருந்து நுரையீரலைக் காப்பாற்றியது. கண் நரம்பைத் தொட்டுவிட்டது. பார்வை பெரிதாகக் குறையவில்லை. சிவப்பும் பச்சையும் மட்டும் போய்விட்டன.

ஓட்டுநர்களுக்கான கண் பரிசோதனையில் சிறு விளக்குகளை ஒவ்வொன்றாகக் காட்டி நிறம் கேட்பார்கள். எந்த வரிசையில் காட்டுவார்கள் என்று விசாரித்துச் சொல்ல நண்பர் ஒருவர் முன்வந்தார். அண்ணன் மறுத்துவிட்டார். “மனப்பாடம் பண்ணி பரீட்சை எழுதலாம்பா. வண்டி ஓட்ட முடியுமா? பின்னாடி அவ்ளோ ஜனம் கீது” என்றாராம். உள்ளே போய், நிறம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அத்தோடு ரயில் முடிந்தது. ஓட்டுநர்களுக்கு வண்டி ஒதுக்கும் எங்கள் அலுவலகத்தில், என் பக்கத்து மேசை அவருக்குக் கிடைத்தது. தான் ஓட்டிய வண்டிகளுக்கு மற்றவர்களின் பெயரை எழுதுவது அவர் வேலையாயிற்று. அதைப் பற்றி அவர் குறைசொல்லி நான் கேட்டதில்லை. மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிடுவார், அவ்வளவுதான்.

அப்போதுதான் மோட்டார் சைக்கிள் பேச்சு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய வண்டி. கம்பெனியிலிருந்து மெரூன் நிறத்தில், தங்கநிறக் கோடு போட்டு வந்தது. முடிச்சூர் வெள்ளத்தில் அது மூழ்கி எழுந்தபோது பெயிண்ட் உரிந்து துருவேறிவிட்டது. கிடைத்த கறுப்பை அடித்து ஓரமாக நிறுத்தியிருந்தார். அதை மறுபடி அசல் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். காரணமும் சொன்னார். சிலருக்கு நாளாக நாளாக நிறம் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். “தெரியாத செவப்பைக் கண்ணு மறந்துடும். அந்த மெரூனை மறக்காது. வந்தா அதுதான் மொதல்ல வரும்” என்றார். அதை அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

என்னைத் துணைக்கு அழைத்ததற்கு அவர் சொன்ன காரணம், புடவை எடுத்துப் பழகிய கண் ஏமாறாது என்பது. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் பெயிண்ட் பட்டறை வைத்திருந்த காதர் பாயிடம் போவோம். பெட்டி பெட்டியாக ஜனங்களை இழுத்துப் போனவர், என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வருவார்.

பெட்ரோல் டேங்கின் பக்கவாட்டில், முழங்கால் படும் இடத்தில் ரப்பர் பட்டை ஒட்டியிருக்கும். பாய் அதைக் கழற்றியபோது அடியில் பழைய மெரூன் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாய் அவசரப்படவில்லை. ரப்பரும் வெள்ளத்துச் சேறும் ஊறிய பெயிண்ட், இதுதான் அசல் என்று தன்னால் அடித்துச் சொல்ல முடியாது என்றார். அதை வைத்து நிறம் கலந்து, சிறு தகடுகளில் அடித்துக் காயவைத்துக் காட்டினார்.

அந்தத் தகடுகளை வைத்துக்கொண்டு நாங்கள் பட்டபாடு கொஞ்சமல்ல. அசலைப் பார்த்தவர் அவர். அவருக்கு நிறம் தெரியாது. எனக்கு நிறம் தெரியும். அசலை நான் பார்த்ததில்லை. பீட்ரூட் மாதிரி இருக்கிறது என்பேன். பீட்ரூட் இல்லை என்பார். நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி என்பேன். யோசித்து, அதுவும் இல்லை என்பார். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: “நெழல்ல கறுப்பாட்டம் இருக்கும். வெயில்ல தள்ளிகினு வந்தா, உள்ளேர்ந்து செவப்பு கெளம்பும்.” பாய்க்கு அது புரிந்தது. அடியில் வெள்ளிநிறம் கொடுத்து, மேலே கண்ணாடி போன்ற மெரூனை ஏற்றினார்.

வண்டி தயாரான அன்று அதைப் பட்டறை வாசலுக்கு வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தோம். நிழலைத் தாண்டியதும் டேங்கின் மேல் சிவப்பு எழுந்தது. அவ்வளவு அழகான சிவப்பை நான் பார்த்ததில்லை. அண்ணன் வண்டியைச் சுற்றி வந்தார். டேங்கைத் தடவினார்.

“கெளம்புதாம்மா?” என்று என்னைக் கேட்டார்.

“கெளம்புதுண்ணா.”

கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். “எனக்கு சேறாத்தான் கீது” என்றார். பிறகு பாயிடம் திரும்பி, வேலை சுத்தம் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் வசந்தா அக்கா வாசலுக்கு வந்தார். கல்யாணமான புதிதில் அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனவர் அவர். அசலைப் பார்த்த இன்னொரு கண். இதே நிறம்தானா என்று அண்ணன் கேட்டார். அக்கா பொய் சொல்லத் தெரியாதவர். நன்றாக இருக்கிறது என்றார், ஆனால் அந்த நிறம் தனக்கு ஞாபகம் இல்லை என்றும் சொல்லிவிட்டார். அண்ணன் தலையாட்டினார். அதன்பின் அந்த நிறத்தைப் பற்றி அவர் யாரிடமும் கேட்கவில்லை. வண்டி சரியான மெரூனில் நிற்கிறதா, தவறான மெரூனிலா என்பது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை.

போன வருடம் நோய் திரும்பியது. இந்தமுறை மருந்துக்குக் கட்டுப்படவில்லை. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது ஒரு மாதுளம்பழம் வாங்கிப்போனேன். உரித்து முத்துகளைக் கிண்ணத்தில் போட்டு அவர் முன்னால் நீட்டினேன். எதற்காக நீட்டுகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நிறம் தெரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் அக்காவும் அன்று கொஞ்சம் தைரியத்தோடு வீடு திரும்பியிருப்போம். அதுவும் அவருக்குத் தெரியும். கிண்ணத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“மாதுளம்பழம்னு தெரியுது. செவப்புன்னு தெரியல” என்றார்.

எத்திராஜ் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வாக்கியம்தான். இதில் ஆறுதல் எதுவும் இல்லை. அவர் கண்டது இவ்வளவுதான். கண்டதற்குமேல் அவர் சொல்லவில்லை.