கண்டக்குழியிலிருந்து செப்பாங் ரேஸுக்கு: இரண்டு டிக்கெட், ஒரு ஆள்

புர்ரு மச்சான், உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. நீங்கள் போட்ட திட்டப்படியே போய்விட்டு வந்துவிட்டேன். இனி யாராவது அந்த ரேஸுக்குப் போக நினைத்தால் உதவட்டும் என்று மகள் எழுதச் சொன்னாள். நான் எட்டாம் வகுப்புவரை படித்தவள். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

புர்ரு என்பது என் கணவருக்கு நான் வைத்த பெயர். கண்டக்குழியில் படகு என்ஜின் திருத்துவது அவர் வேலை. படகு கரைக்கு வருமுன்பே சத்தத்தைக் கேட்டு, "பிளக்கு கரி பிடிச்சிரிக்கி" என்று சொல்லுவார். வீட்டுக்கு வந்தால் அந்த என்ஜின் எப்படிக் கத்தியது என்று "புர்ர்ர்" என்று வாயால் செய்தும் காட்டுவார். ஃபோனில் மோட்டார் சைக்கிள் ரேஸ் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அவருக்குப் படம் தேவையில்லை, சத்தம் போதும். மலேசியாவில் செப்பாங் என்ற இடத்தில் நடக்கும் ரேஸை ஒரு தடவை நேரில் கேட்க வேண்டும் என்பது பன்னிரண்டு வருட ஆசை. எப்போதும் "நான் போகணும்" என்றுதான் சொல்லுவார். இந்த வருடம் திடீரென்று "நீயும் வா" என்றார்.

"எனக்கெதுக்கு? கண்டக்குழியில இல்லாத சத்தமா?"

"வந்து பக்கத்துல இரி. அது போதும்."

முதலில் ரேஸ் டிக்கெட் இரண்டு எடுத்தார். பிறகு இரண்டு பேரும் கொழும்புக்குப் போய்ப் பாஸ்போர்ட் எடுத்தோம், என் பழையது காலாவதியாகியிருந்தது. அதற்குப் பிறகு விமான டிக்கெட். அதெல்லாம் முடிந்து ஒரு மாதத்தில், ஒரு பகல் நேரம், கையில் ஸ்பானரோடு பட்டறையில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகுமுன் மௌத்தாகிவிட்டார். ஒரு அறிகுறியும் இல்லாமல் போய்விட்டாரே என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

எங்கள் மார்க்கத்தில் கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. நான் மனதார இருந்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கோபம் நாள் எண்ணியவர்கள்மேல்.

விமானம் ஒரு வெள்ளிக்கிழமை, ரேஸ் இரண்டு நாள் கழித்து ஞாயிறு. அதற்கு முந்திய வாரம் என் கணவரின் மூத்த நானா, அவருடைய பெரிய அண்ணன், வந்தார். வரும்போதே கணக்கோடு வந்தார்.

"ஒனக்கு இத்தா முடியிறது திங்கக்கிழம. டிக்கெட்ட உடு புள்ள. மய்யித்து உழுந்த வீட்டுக்கு ரேஸ் என்ன ரேஸ்?"

சுவரில் தொங்கிய கலண்டரை எடுத்தேன். இங்கிலீஷ் தேதிக்குக் கீழே பிறைத் தேதி சின்னதாக இருக்கும். மௌத்தான நாளிலிருந்து விரலை வைத்து எண்ணினேன். வியாழன் பொழுது பட்டு மஃரிப் தொழுகையோடு முடிகிறது. அவருக்கு முன்னாலேயே பள்ளிவாசல் மௌலவிக்கு ஃபோன் எடுத்து, சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"பிறைக் கணக்குத்தான் ராத்தா. வியாழன் மஃரிபோட முடியிது" என்றார் மௌலவி.

நோன்புக்குப் பிறை, பெருநாளுக்குப் பிறை. பொம்பளை வீட்டுக்குள் இருக்கிற நாளுக்கு மட்டும் இங்கிலீஷ் மாதமா? யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, வழக்கமாக இப்படித்தான் எண்ணுவோம் என்கிறார்கள். எத்தனை பேர் நாலு நாள் கூடுதலாக இருந்திருப்பார்களோ தெரியாது.

மூத்த நானா விடவில்லை. "சரி, முடியட்டும். தனியாவா போவ? ஊர் என்ன கதைக்கும்?"

"குவைத்துல ரெண்டு வருசம் சட்டி கழுவப் போனேனே, அப்ப யாரோட போனேன் மச்சான்? ஏர்போட்டுல ஏத்திவிட்டதே நீங்கதான். வரக்குள்ள டிவி ஒண்டு கொண்டாரச் சொன்னீங்க."

தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த டிவி இன்றைக்கும் அவர் வீட்டு ஹோலில்தான் ஓடுகிறது.

இன்னொரு கோபம் விமான டிக்கெட் போட்டவன்மேல். கணவரின் டிக்கெட்டை என்ன செய்யலாம் என்று கேட்டேன். "ஆள் வராட்டி நோ ஷோ, காசு திரும்ப வராது" என்றான். ஆள் மௌத்து என்றேன். "ஓம், அதுவும் நோ ஷோதான்" என்றான். நீங்கள் டிக்கெட் எடுக்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்க வாய் கூசும். கூசினாலும் கேளுங்கள். விசாவை மகள் ஒன்லைனில் போட்டாள், எனக்கு ஐந்து நாளில் வந்தது.

வெள்ளி காலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்து த்ரீவீலில் கல்பிட்டி பஸ் பாதைக்கு வந்தேன். ஏழரைக்குப் பாலாவிச் சந்தி. அங்கே கொழும்பு பஸ்ஸில் மாறி, சிலாபம், நீர்கொழும்பு தாண்டி பத்தேகாலுக்குக் கட்டுநாயக்கா விமான நிலையம். எல்லாமாக ஏறக்குறைய 140 கிலோமீற்றர், எனக்கு 1,350 ரூபாய் முடிந்தது. விமானம் பகல் 1.15க்கு. பக்கத்து இருக்கை காலி. போர்வையையும் தண்ணீர்ப் போத்தலையும் அதில் வைத்தேன். பணிப்பெண் வந்து எடுத்துப் போனாள். அதற்கும் கோபம் வந்தது, பாவம், அவள் என்ன செய்வாள்.

தங்க இடம் நகரத்துக்குள் எடுக்காதீர்கள். கோலாலம்பூர் நகரம் ரேஸ் நடக்கும் இடத்திலிருந்து அறுபது கிலோமீற்றர் அளவு தூரம். விமான நிலையத்துக்குக் கிட்ட சின்ன விடுதி பார்த்தால் டாக்ஸிக்கு 25 ரிங்கிட்தான். ஞாயிறு காலை எனக்கு வந்த டாக்ஸிக்காரர் தமிழர்.

"அக்கா ரேஸ் பாக்கவா போறீங்க?"

"கேக்கப் போறேன் தம்பி."

"கேக்கவா? எல்லாரும் காதுல பஞ்சு வச்சிட்டுல போவாங்க!" என்று சிரித்தார். "வீட்டுக்காரர் வரலையா?"

"டிக்கெட் இரிக்கி. ஆள் இல்ல."

அவர் சிரிப்பை நிறுத்தினார். இறக்கிவிட்டபோது ஐந்து ரிங்கிட்டைத் திருப்பித் தந்தார். வாங்கவில்லை. இரக்கம் காட்டினாலும் எனக்குக் கோபம் வருகிற காலம் இது.

ரேஸ் டிக்கெட்டை அவர் ஒரு பழுப்புக் கடித உறையில் போட்டு, என்ஜினுக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பால் ஒட்டி வைத்திருந்தார். அவர் ஒட்டியதைப் பிரிக்க எனக்கு அதுவரை மனம் வரவில்லை. வாசலில் வைத்துத்தான் பிரித்தேன். இரண்டு டிக்கெட் வந்தது. அவற்றுக்குப் பின்னால் ஒரு கிளினிக் அட்டையும் வந்தது. டிக்கெட்டைக் காட்டி உள்ளே போய், என் இருக்கையில் இருந்துகொண்டு அட்டையைப் பார்த்தேன்.

"ஹார்ட்" என்ற சொல்லை வாசிக்கிற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் இருக்கிறது. தேதி வாசிக்கவும் தெரியும். கிளினிக்குக்குப் போயிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. டிக்கெட்டின் அடியில் அதை வாங்கிய தேதி இருந்தது. கிளினிக்குக்குப் போன இரண்டாம் நாள். கொழும்புக்குப் பரிசோதனைக்கு வரச் சொல்லி அட்டையில் இன்னொரு தேதி. அன்றைக்குக் கொழும்பில்தான் நின்றோம், இரண்டு பேரும், காலையிலிருந்து பாஸ்போர்ட் வரிசையில். நடுவில் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். என்ன என்று கேட்டேன். "களைப்பு" என்றார். நான் போய் ஒரு சோடா வாங்கி வந்தேன். சோடா!

ஒரு சீனப் பையன் வந்து, பக்கத்து இருக்கை காலியா என்று கையால் கேட்டான். பையை அதில் வைத்து, "ஆள் இரிக்கி" என்று தமிழில் கத்திவிட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

மூன்று மணிக்குப் பெரிய ரேஸ் தொடங்கியது. சத்தம் காதுக்கு வருமுன் காலுக்கு வருகிறது, அங்கிருந்து நெஞ்சுக்கு ஏறுகிறது. அவரைப் போலக் கண்ணை மூடிக் கேட்டேன். எந்த வண்டி எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. சொல்லித்தர வேண்டியவர் அட்டையை ஒளித்துவைத்த ஆள். முக்கால் மணித்தியாலம் அப்படியே இருந்தேன். யார் வென்றது என்று கேட்காதீர்கள்.

போகிறவர்களுக்கு: மழை அங்கே சொல்லாமல் வரும், மழை உடுப்புக் கொண்டு போங்கள். காதுக்கு அடைப்பான் கட்டாயம். தொழ இடம் இருக்கிறது, ரேஸுக்கு முன்பே போய்விடுங்கள், பிறகு கூட்டம். முடிந்த உடனே டாக்ஸி தேடாதீர்கள், ஒரு மணித்தியாலம் இருந்த இடத்திலேயே இருங்கள். கூட வருகிறவர் நாற்பது தாண்டியவர் என்றால் டிக்கெட் எடுக்குமுன் அவருடைய பைகளைத் தேடிப் பாருங்கள். வெட்கப்படாதீர்கள். நான் தேடவில்லை.

புர்ரு மச்சான், அட்டையை இப்போதும் டிக்கெட்டோடு சேர்த்து அதே உறையில் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருடம் "நான் போகணும்" என்று சொன்னவர், கிளினிக்கிலிருந்து வந்த இரண்டாம் நாள் எதற்கு இரண்டு டிக்கெட் எடுத்தீர்கள்? ரேஸை எனக்குக் காட்டவா, இல்லை, நெஞ்சு வலித்தால் பக்கத்தில் நான் இருக்க வேண்டும் என்றா?