உள்ளங்காலில் கருப்பு, கையில் வெள்ளை

புற்றுநோய்க் கட்டிக்குள் புற்றுநோய் செல்கள் மட்டுமே இருக்கும் என்று இந்த நகரமே நம்புகிறது. அது பிழை என்பதைக் கனத்த மனத்துடன் அறிவிக்கிறேன். நம் உடம்பின் நோய் எதிர்ப்பு செல்களும் அங்கே குடியிருக்கும். பெங்களூரு லேப் ஒன்றில் சதையை மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றுவது என் தொழில். கவுன்ட்டரில் தினமும் இதை விளக்கித் தொண்டை வறண்ட சகாக்களுக்கு இது சமர்ப்பணம்.

டிபன் பையில் வந்தது

சதைத்துண்டை ஆஸ்பத்திரியிலிருந்து லேபுக்குச் சுமந்துவருவது நம் ஊரில் வீட்டாரின் வேலை. நீலசந்திரா ஏரியாவில் குடியிருக்கும் ஸ்டெல்லா அக்கா, கணவர் அந்தோணியின் உள்ளங்கால் கரும்புள்ளியை டப்பாவில் அடைத்து டிபன் பையில் கொண்டுவந்தார். அந்தோணி கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். கல் குத்திய தழும்பென்று அதைப் பல வருஷம் விட்டுவிட்டார். அது மெலனோமா, தோல் புற்றுநோய்; உள்ளங்காலில் வரும் வகைக்கு வெயில் தேவையில்லை. அக்கா கேட்டார்:

"வெயில்ல திரிஞ்சா வரும்னாங்க தம்பி. இவரு பாதி ஆயுசு பூமிக்கு அடியில இருந்தாரே?"

வாசலில் கூட்டம்

இம்யூனோதெரபி மருந்து கட்டியை நேராகக் கொல்லாது. அடங்கிக் கிடக்கும் எதிர்ப்பு செல்களைத் தட்டி எழுப்பும். அவை கட்டிக்குள் இருந்தால் மருந்து பலிக்க வாய்ப்பு அதிகம். அந்தோணியின் ஸ்லைடில் பெரும்பாலானவை ஓரத்திலேயே நின்றன. எங்கள் லேப் டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்:

"எல்லாம் கல்யாண மண்டப வாசல்ல செருப்பக் கழட்டிட்டு நிக்குது. உள்ள போவுமான்னு மருந்து குடுத்துதான் நோடோணா, பாப்போம்."

எங்கே வந்தது

சில மாதங்கள் ஊசி போட்ட பிறகும் தொடை இடுக்கில் நோய் பரவியிருந்த ஒரு கட்டி வீங்கியே இருந்தது. அதன் துண்டை அந்தோணியே கொண்டுவந்தார். மருந்து பலிக்கவில்லை என்று தெரிந்தால் ஊசியை நிறுத்திவிடுவார்கள். அவர் கவலையோ வேறு: கையெல்லாம் வெள்ளைத் திட்டு, மாதா கோயிலில் எல்லாரும் கேட்கிறார்கள். மூலை கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை அன்றிரவு தொடங்கப் போகிறாராம். அட்டையைப் பார்த்தேன்; ஸ்டீராய்டு. எழுந்த செல்களை மறுபடி தூங்கவைக்கக் கூடியது. லேப் டாக்டரிடம் ஓடினேன். அவர் புற்றுநோய் டாக்டருக்குப் போன் போட்டு, மாத்திரையைத் தடுத்தார். மெலனோமாவைத் தாக்கும் செல்கள் தோலின் நிறத்தையும் தாக்கலாம், பல நேரம் அது நல்ல அறிகுறி என்றும் விளக்கினார். அந்தோணி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்:

"நல்ல அறிகுறின்னா மூஞ்சி பூரா வந்திருக்கலாமே சார், ஸ்டெல்லாவாவது சந்தோஷப்பட்டிருப்பா!"

இரண்டாவது ஸ்லைடில் எதிர்ப்பு செல்கள் கட்டிக்குள் நிறைந்திருந்தன, வீக்கமே அவை கூடியதால்தான், அந்தோணிக்கு ஊசி தொடர்கிறது, எங்கள் லேப் படிவத்தில் "தோலில் வெள்ளைத் திட்டு உண்டா?" என்று ஒரு வரி கூடியிருக்கிறது.