விளக்கு வைத்த கோப்பை

படத்தில் தலை மாற்றுவதில் எங்கள் கல்லடி ஊரில் என்னை அடிக்க ஆள் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை. சுனாமி வீடுகளோடு பட அல்பங்களையும் கொண்டுபோன பிறகு, சனங்கள் கையில் கிடைத்ததையெல்லாம் என் கடைக்குத்தான் கொண்டுவந்தார்கள். மணலுக்குள் இருந்து எடுத்த பாதிப் படம், உப்புப் பூத்துக் கண் அழிந்த படம், கோயில் திருவிழாக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் தெரிகிற நகமளவு முகம். நான் அதைக் கணினியில் ஏற்றிப் பெருப்பித்து, இன்னொருவரின் கழுத்தைக் கடன் வாங்கிப் பொருத்தி, ஆளை முழுதாக்கிக் கொடுப்பேன். ஆண்களுக்குப் போட என்னிடம் ஒரே ஒரு நீலக் கோட்டுத்தான் இருந்தது. கடல் கொண்டுபோன எங்கள் மீன்காரரில் பாதிப்பேர் இன்றைக்கும் சுவரில் அந்தக் கோட்டோடுதான் இருக்கிறார்கள்.

நாட்டில் சண்டை முடிந்த பிறகு, கோப்பையில் படம் பதிக்கிற மெஷின் ஒன்றைக் கொழும்பிலிருந்து இறக்கினேன். படத்தை இடம்வலம் மாற்றித் தாளில் அச்சடித்து, வெள்ளைக் கோப்பையைச் சுற்றி ஒட்டிச் சூடாக்கினால் மை கோப்பையில் இறங்கிவிடும். தாளை உரித்ததும், அதுவரை திரையில் மட்டும் இருந்த முகம் கையில் கனமாக, சூடாக இருக்கும். முதல் கோப்பை வந்த அன்று அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் போய்க் காட்டிவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோசப் புழுகம் எனக்கு.

தனி ஆளின் பழைய படத்தை ஒருவர் நீட்டினால் எங்கள் பக்கத்தில் துருவிக் கேட்பதில்லை. எப்போது செத்தார், எப்படி என்று கேட்டு ஏன் அழவைக்க வேண்டும்? நானும் கேட்க மாட்டேன். கீழே ஒரு குத்துவிளக்கு, மேலே இரண்டு பூ. கை தன்பாட்டில் செய்துவிடும்.

கரடியனாற்றிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு அக்கா, அடையாள அட்டை அளவுப் படமொன்றைத் தந்தார். "என்ட வீட்டுக்காரரு. பெரிய கோப்பையாப் பாத்து அடிச்சித் தா தங்கச்சி" என்றார். நான் படத்தைத்தான் பார்த்தேன். அடுத்த கிழமை வரச் சொல்லிவிட்டேன்.

அக்கா வந்தபோது கோப்பையைத் துடைத்து, நீலக் கோட்டோடு இருந்த முகம் அவர் பக்கம் திரும்பும்படி வைத்தேன். பாராட்டுக்காகத்தான் நின்றேன். அவர் கோப்பையை மெல்லச் சுற்றிப் பார்த்தார்.

"இந்த விளக்கு ஏன்கா தங்கச்சி?"

"எல்லாருக்கும் வைக்கிறதுதான் அக்கா."

"இவரு செத்திட்டாரெண்டு உனக்கு ஆரு சொன்ன?"

அப்போதுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் பெரிதாகக் குங்குமம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்தே வரும். "முதலே சொல்லியிரிக்கலாமே" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

"நீ கேக்கல்லியே."

வீட்டுக்காரர் மேசன் வேலைக்கென்று வன்னிக்குப் போனவராம். அங்கே நடந்த கடைசிச் சண்டைக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. "அரசாங்கக் கந்தோரில மரணச் சான்றிதழ் எடு, எடு எண்டு நிக்கிறாங்க. கையெழுத்து வைக்க மாட்டனெண்டு வந்திட்டன். வந்தாரெண்டா தேத்தண்ணி ஊத்திக் குடுக்கத்தான் இந்தக் கோப்பை. நீ விளக்கு ஏத்தி வச்சிரிக்காய்."

கணினியில் என்றால் அந்த விளக்கு ஒரு விசையைத் தட்டினால் போயிருக்கும். கோப்பையில் போகாது. "உடைச்சிப் போடுறன் அக்கா, புதுசு ஒண்டு அடிச்சித் தாறன்" என்று கையை நீட்டினேன். அவர் கோப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அவர்ர முகத்தையா உடைக்கப் போறாய்?"

பக்கத்துத் தச்சுக் கடையில் உப்புத்தாள் ஒரு துண்டு வாங்கி வந்தேன். ஒருவர் கோப்பையைப் பிடிக்க மற்றவர் என்று மாறி மாறித் தேய்த்தோம். விளக்கு போக முக்கால் மணித்தியாலம் ஆனது. பூக்களும் போயின. அந்த இடங்கள் சொரசொரவென்று வெள்ளையாகக் கிடந்தன. நீலக் கோட்டையும் தேய்க்கப் போனேன். அவர் தடுத்தார்.

"அது கிடக்கட்டும். சாரம் கட்டித் திரிஞ்ச மனிசன், கோட்டுப் போட்டா நல்லாத்தான் இரிக்காரு. வந்தோடன காட்டிச் சிரிப்பம்."

பிறகு, தனக்கும் ஒரு கோப்பை வேண்டும் என்றார். வீட்டுக்காரர் குடிக்கும்போது தானும் பக்கத்தில் இருந்து குடிக்க. கதிரையில் உட்காரவைத்துப் படம் எடுத்தேன். கணினியில் போட்டுப் பெருப்பித்தபோது காதோரத்தில் நரை நன்றாகத் தெரிந்தது. வழக்கமாக என்றால் நானே முடிவெடுத்திருப்பேன்.

"இந்த நரையை என்ன செய்ய அக்கா?"

அவர் திரைக்குக் கிட்ட வந்து தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அழிச்சிரு. அவரு போற நேரம் எனக்கு அது இல்ல."