வலை ஏறும் சத்தம்

மழை பெய்தால் ஞானசவுந்தரி முதல் குடத்தை வலைப்பெட்டிகள் கழுவுவதற்கென்று எடுத்து வைப்பாள். சுருவில் என்ற அந்தத் தீவுக் கிராமத்தின் கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரில் கழுவினால் உப்புப் பூத்து உள்ளேயிருக்கும் செம்புக்கம்பியைத் தின்றுவிடும்.

சமாதான காலத்தில், 2004இல், ஒரு தொண்டு நிறுவனம் மீனவர் சங்கத்துக்குக் கொடுத்த சென்சர் பெட்டிகள் அவை. வலையின் மிதப்பில் கட்டிவிட்டால், வலை சும்மா கிடக்கும்போது கரையிலுள்ள ரிசீவர் ஆறுதலாக அடிக்கும். வலையை இழுத்தால் வேகமாக அடிக்கும். பெட்டி கரைக்குக் கிட்ட வரவரச் சத்தம் கூடும். ரிசீவரின் குமிழைத் திருப்பினால் ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே கேட்கலாம். கொண்டுவந்தவர்கள் ஒருநாள் காட்டிவிட்டுப் போனார்கள். மீதியை, கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ பாடவைத்த ஞானசவுந்தரி, தானே கழற்றிப் பூட்டிப் படித்துக்கொண்டாள். கழுவி, காயவைத்து, மூடியின் விளிம்பில் மெழுகுதிரியை உருக்கி வார்ப்பாள். ரிசீவரும் அவள் வீட்டில்தான் இருந்தது.

"என்னை ஒருநாளும் இப்பிடித் துடைச்சதில்லை நீர்," என்பான் புருசன் யாக்கோப்பு.

"பெட்டி சொல்லுக் கேக்கும்."

பெட்டியை வலையின் கடைசி முனையில்தான் கட்டவேண்டும். மற்றவர்களுக்கு அப்படித்தான் கட்டிக் கொடுத்தாள். யாக்கோப்புக்கு மட்டும் படகோடு பிணைக்கும் முனையில், தன் கையால் முடிந்தாள். இரவில் படகும் வலையும் ஒரே கயிற்றில் மிதக்கும். அந்தப் பெட்டியின் சத்தம் கேட்டால் அதற்குப் பக்கத்தில் அவன் இருக்கிறான் என்பது அவள் கணக்கு.

"காத்துக் கிளம்பினால் கயித்தை வெட்டிப்போட்டு வாங்கோ."

"உம்மட பெட்டியைக் கடலிலை விட்டிட்டு எந்த முகத்தோடை வீட்டை வாறது?" என்று சிரித்தான்.

அடுத்த கார்த்திகையில், ஒரு விடியலில், வாடைக்காற்று மூர்க்கமாகக் கிளம்பியது. மற்றவர்கள் கயிற்றை வெட்டிவிட்டு வந்து சேர்ந்தார்கள். யாக்கோப்பு வரவில்லை. தேடப் போகவும் கடல் விடவில்லை. அவன் பெட்டிக்குத் திருப்பி வைத்த ரிசீவர் மட்டும் ஆறுதலாக அடித்துக்கொண்டிருந்தது.

அயல்வீட்டுப் பிலோமினம்மா செபமாலையோடு வந்தாள். "பிள்ளை, கோயில் சுவாமியாருக்கு ஒரு சொல்லுச் சொல்லுவமோ?"

"சொல்ல ஒண்டுமில்லை அக்கா. அடிக்குது, கேளுங்கோ."

காற்று விழுந்ததும் யாக்கோப்பின் தம்பி அன்ரனிதாஸ் படகெடுத்துப் போனான். மத்தியானம் கழிய ரிசீவர் வேகம் பிடித்தது.

"வலை ஏறுது," என்றாள் ஞானசவுந்தரி.

பிறகு சத்தம் கூடத் தொடங்கியது. பெட்டிகளுக்கென்று வைத்த மழைத்தண்ணீரை எடுத்து அடுப்பில் ஏற்றினாள். அவன் மேலெல்லாம் உப்பு இருக்கும். துவாயையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு ஓடினாள்.

படகில் அன்ரனிதாஸ் தனியே நின்றான். காலடியில் வலை.

"மச்சாள்..." என்றான்.

அவள் வலையைக் கிளறிப் பெட்டியை எடுத்தாள். கயிற்றைக் கையால் தடவிக்கொண்டே போனாள். அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. மறுமுனையில், படகின் முன்பக்கத்திலிருந்து பிய்ந்து வந்த அணியத்துக் கட்டை, கயிறு கட்டியபடியே தொங்கியது.

"வெட்டேல்லைத் தம்பி," என்றாள். "கத்தி இடுப்பிலைதானே இருந்தது."

அன்ரனிதாஸ் படகைக் கரையில் கட்டப் போனான்.

வீட்டு ரிசீவர் கரைவரை கேட்டது. அவள் கை நடுங்க நடுங்க அது இன்னும் வேகமாக அடித்தது. நிறுத்துவதென்றால் பெட்டியின் மூடியைத் திறக்க வேண்டும். மெழுகை நகத்தால் கீறினாள். அது அசையவில்லை. நன்றாகத்தான் வார்த்திருந்தாள்.